முட்டு வீட்டு வாசற்படி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று உங்களிடம் யாராவது முன்னமே சொல்லியிருப்பார்கள். உண்மைதான். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வும் பெற்றாயிற்று, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையும் சாப்பிடுகிறேன், ஆனாலும் அடங்க மாட்டேன் என்கிறது. போன வாரம் உங்களில் ஒருத்தி போன் செய்தாள். புதிதாக வேலையில் சேர்ந்தவள். "அக்கா, என் ஏரியாவுல பதினாறு வயசுப் பிள்ளை ஒண்ணு முழுகாம இருக்கு. யார்ட்டயும் சொல்லிராதீகன்னு அவுக அம்மா காலைப் பிடிக்கிறாக. நான் என்னக்கா செய்ய?" என்றாள். செய்ய வேண்டியதை அவளிடம் அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குக் கை வேலை ஓடவில்லை. அரிசியைப் பானையில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்து நின்றேன். அவளுக்கு மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது, உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊசி போடுவதையும் எடை பார்ப்பதையும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்லப்போவது அதில் வராது.

எனக்கு ஒதுக்கியிருந்த ஊர்களில் ஒன்று எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக் கம்பெனிக்கோ, பெட்டி ஒட்டுகிற கம்பெனிக்கோ, சிவகாசியில் பிரஸ்ஸுக்கோ போவார்கள். ஊரைத் தாண்டி ஓடைக்கரையில் ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று உண்டு. அதற்குப் பேர் முட்டு வீடு. மாதவிலக்கான பெண்கள் அந்த நாட்கள் முடிகிற வரைக்கும் வீட்டில் இருக்கக் கூடாது, அங்கே போய்த்தான் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து யாராவது சோற்றைக் கொண்டுவந்து கல்லில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார்கள், இவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் தொட மாட்டார்கள். கோயில் தெருவில் கால் வைக்க முடியாது. தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் ஊருக்குள் வரலாம். இப்போதும் இப்படியா என்று கேட்காதீர்கள். இப்போதும்தான். யாரோ ஒரு புண்ணியவான் அந்த அறைக்கு டைல்ஸ் போட்டுக்கொடுத்து, திறப்பு விழாவுக்கு ரிப்பனும் வெட்டியிருந்தார். அந்த ரிப்பன் துண்டு வெளுத்துப்போய் ஜன்னல் கம்பியில் ரொம்ப நாள் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். காலையில் கம்பெனி வேன் வருமில்லையா, அது முட்டு வீட்டுக்கு எதிரேயும் ஒரு நிறுத்தம் போடும். உள்ளே இருக்கிற பெண்கள் ஏறி வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்ப அங்கேயே இறங்குவார்கள். சீசன் நேரத்தில் ஒரு ஆள் குறைந்தாலும் ஆர்டர் நின்றுவிடும் இல்லையா? அடுப்பைத் தொட்டால் தீட்டு, ஆனால் தீபாவளி லோடுக்குப் பெட்டி ஒட்டினால் தீட்டு இல்லை. இதை நான் ஒருமுறை தெருவில் வைத்துக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஊரில் எந்தப் பெண் எப்போது முட்டு வீட்டுக்குப் போவாள் என்பது ஊருக்கே தெரியும். ஒருத்தி போகவில்லை என்றால் அன்று மாலையே குழாயடியில் பேச்சு வந்துவிடும். கல்யாணம் ஆனவள் என்றால் வாழ்த்து, ஆகாதவள் என்றால் வசை. வயதுப் பிள்ளையை வைத்திருக்கிற அம்மாக்களுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது என்று நினைப்பு. செல்வியின் அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "எம்புள்ள மாசம் தவறாம போயிட்டு வாரா நர்ஸம்மா. எனக்கு என்னத்துக்குக் கவலை?" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

செல்வி என்பது நான் வைத்த பெயர். பதினேழு வயது. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுப் பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்ததும், பஸ் நிறுத்தம் வரை பிளக்ஸ் கட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. பிளக்ஸில் ஒரு மூலையில் மாமன் மகன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றான். ஒரு சின்னப் பிள்ளையின் உடம்பில் நடந்த சங்கதியை ஊர் முழுக்கப் பலகை கட்டி அறிவித்துவிட்டு, அதே உடம்பைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசுவது மட்டும் அசிங்கம் என்பார்கள்! எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்தப் பயல் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்தான். முறைப்பையன் என்பதால் அவன் வந்து போவதை யாரும் கேட்கவில்லை. வேறு ஒருவன் அவளிடம் மணி கேட்டிருந்தால் கையை ஒடித்திருப்பார்கள்.

அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? அடுத்த தேதிக்கு வழக்கம்போலப் பையைத் தூக்கிக்கொண்டு முட்டு வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு வீடு திரும்பினாள். அதற்கடுத்த மாதமும் அப்படியே. அம்மாவுக்கு நிம்மதி, ஊருக்கும் நிம்மதி. அவள் வயிற்றில் மூன்று மாதம் தாண்டிவிட்டது.

அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். அங்கன்வாடியில் பிள்ளைகளெல்லாம் ஒன்று சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஊரில் அம்மன் பொங்கலுக்குச் சாட்டி, கோயிலில் காப்புக் கட்டித் திருவிழா விரதம் தொடங்கியிருந்த வாரம். அந்தக் கத்தலுக்கு நடுவில் வெளியே யாரோ என்னைக் கூப்பிடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். ஊர் எல்லையில் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் காளியம்மாள் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அவளும் அன்று முட்டு வீட்டில்தான் இருந்தாள்.

"நர்ஸம்மா! ஓடியாங்க! செல்வி பேச்சு மூச்சு இல்லாம கெடக்கா! ரத்தம் நிக்க மாட்டேங்குது!"

என் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தி உடனே என்ன சொன்னாள் தெரியுமா? "அவ எப்படி அம்புட்டுத் தூரம் வந்து நிக்கா? காப்புக் கட்டியிருக்கையில!" என்றாள். நான் அவளைத் திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே 108-க்குப் போன் போட்டேன்.

உள்ளே அந்த டைல்ஸ் தரையில் பிள்ளை சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்துவிட்டது. நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. தலைமாட்டில் மாத்திரை அட்டை கிடந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மருத்துவர் பார்த்து, எத்தனை மாதம் என்று உறுதி செய்து, பக்கத்தில் ஆஸ்பத்திரி வசதி இருக்கிறது என்று தெரிந்த பிறகே கொடுக்க வேண்டிய கருக்கலைப்பு மாத்திரை அது. அதை எவனோ ஒரு மெடிக்கல் கடைக்காரன் தலைவலி மாத்திரை மாதிரி அந்தப் பயலிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

விஷயம் பரவி செல்வியின் அம்மாவும் ஓடிவந்துவிட்டாள். வாசற்படிக்கு வெளியே நின்று, "என்னாச்சு நர்ஸம்மா? எம்புள்ளைக்கு என்னாச்சு?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"உள்ள வா! வந்து காலைப் பிடி, தூக்கணும்!" என்றேன்.

அவள் வரவில்லை. ஒரு காலைத் தூக்கியவள் திரும்ப இறக்கிவிட்டாள். "முளைப்பாரி போட்டிருக்கேன் நர்ஸம்மா... வெரதத்துல இருக்கேன்... தீட்டுப் பட்டா அம்புட்டும் கருகிப்போகும்... எம்புள்ள நல்லா வாழணும்னுதான் போட்டேன்..." என்று அழுதாள். பொய் அழுகை இல்லை. கதறினாள். கதறிக்கொண்டே அங்கேயே நின்றாள்.

மகள் நன்றாக வாழ வேண்டும் என்று முளைப்பாரி போட்டவள், அந்த மகள் கண்ணெதிரே சாகக் கிடக்கும்போது படியைத் தாண்டவில்லை. அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். சொல்ல முடியாது. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள். அவளையும் அந்தப் படியில் நிறுத்திவைக்கிற அளவுக்கு ஒரு பயத்தைச் சின்ன வயதிலிருந்தே ஊட்டி வளர்த்திருந்தார்களே, அவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

காளியம்மாள்தான் காலைப் பிடித்தாள். ஏற்கெனவே தீட்டில் இருப்பவளுக்குப் புதிதாகத் தீட்டு எங்கிருந்து வரும்? நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தபோது ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

மெயின் ரோட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று கோயில் தெரு, நேராகப் போய்விடலாம். இன்னொன்று கண்மாய்க் கரையைச் சுற்றிப் போவது. முந்தின வாரம் பெய்த மழையில் அங்கே டிராக்டரே சிக்கிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் கோயில் தெருப் பக்கம் திரும்பியதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் வந்து கையை நீட்டினார். பின்னால் நாலைந்து பேர்.

"கண்மாய்க் கரை வளியாப் போங்க நர்ஸம்மா. இந்த ரத்தத்தோட கோயில் தெருவுல வேணாம்."

"அங்கன வண்டி சிக்கிக்கிடும்ங்க. பிள்ளை செத்துரும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீங்க வேதக்காரவுக, ஒங்களுக்கு எங்க சாமி சங்கதி தெரியாது."

நான் கிறிஸ்தவள் என்பதைக் குத்திக் காட்டினார். வண்டியின் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிச் சொன்னேன். "ஒங்க சாமியும் பொம்பளைதானய்யா! உள்ள போய் அவகிட்டயே கேட்டுட்டு வாங்க. நான் அதுக்குள்ள இந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்து ஒங்க பதிலைக் கேட்டுக்கிடுறேன்." பிறகு டிரைவரிடம், "ஓட்டுப்பா, வாரது வரட்டும், நான் பாத்துக்கிடுறேன்" என்றேன். நல்ல பையன். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினான். அவர்கள் விலகினார்கள். பின் கண்ணாடியில் பார்த்தேன். ஒருவர் செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து வண்டி போன தடத்தில் தெளித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். செல்வியின் அம்மா யாருடைய டி.வி.எஸ். வண்டியிலோ எங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாள். "வயசு?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். "பத்தொம்பது" என்றாள் அம்மா. "பதினேழு" என்றேன் நான். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"மைனர் கேஸா? போலீஸுக்குச் சொல்லணும். அவுங்க வந்து எஃப்.ஐ.ஆர். போடட்டும், அப்புறம் பாக்கலாம். இல்லைன்னா மதுரைக்கு எழுதித் தர்றேன், கூட்டிட்டுப் போங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இது உங்களுக்கும் வரும். பதினெட்டு வயது ஆகாதவள் கர்ப்பம் என்றால் தகவல் சொல்லித்தான் ஆக வேண்டும், சட்டம் அது. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட சட்டம். ஆனால் தகவல் சொல்கிற வரைக்கும் வைத்தியம் பார்க்காதே என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. உயிர் போகிற நேரத்தில் உயிர்தான் முதலில். கருக்கலைப்புக்கு வருகிற சிறுமியும் வீட்டாரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயரை வெளியே சொல்லாமலே டாக்டர் தகவல் தரலாம் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் பிள்ளைகள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் மெடிக்கல் கடைக்குப் போகிறார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு நான் கத்தியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒரு சிஸ்டர், "முடியாதுன்னு சொல்றவுககிட்ட சண்டை போடாத, எழுதிக் கேளு" என்பார். அது நினைவுக்கு வந்தது. குரலை உயர்த்தாமல் சொன்னேன். "சரிங்க டாக்டர். வைத்தியம் பார்க்க முடியாதுன்னு காரணத்தோட ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. நாங்க மதுரைக்குப் போறோம். வழியில ஏதாவது ஆனா கேக்குறவுகளுக்குக் காட்ட எனக்கு ஒரு பேப்பர் வேணும்ல?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டுத் தியேட்டருக்குள் போனார். உள்ளே போன பிறகு நன்றாகவே பார்த்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். கை தெரிந்த டாக்டர்தான், பயம்தான் அவரைக் கெடுத்துவைத்திருந்தது. போலீஸுக்கும் முறைப்படி அவரே தகவல் சொன்னார். செல்வி பிழைத்துக்கொண்டாள். கர்ப்பப்பையும் தப்பியது.

அவள் கண் விழித்து உட்கார ஆரம்பித்ததும் வார்டுக்குத் தாய்மாமன் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். மகன் திருப்பூருக்கு ஓடிவிட்டான் என்பது எங்களுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. தங்கையிடம் குரலைத் தாழ்த்தி, "கேஸ் கீஸ்னு எதுக்குத்தா? முறைப்படி நம்ம புள்ளைதான. அவனை வரச் சொல்லிக் கோயில்ல வச்சுத் தாலியைக் கட்டிருவோம். பத்திரிகை அடிக்க எம்புட்டு நேரம் ஆகும், அவன் வேலை பாக்குறதே பிரஸ்ஸுதான?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் வேறு.

அதுதான் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். பிள்ளைக்கு ஆபத்து வந்தால் கல்யாணம், பிள்ளையால் மானம் போனால் கல்யாணம். எங்கள் சபையிலும் இப்படித்தான். ஆமத்தூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வேதக்கார வீட்டில் இதே கதை நடந்தபோது, சபைக்குத் தெரியுமுன்னே அவசர அவசரமாக மோதிரம் மாற்றினார்கள். முட்டு வீடு அந்தச் சாதிச் சனத்துப் பழக்கம், நமக்கு என்ன என்று யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். நம் வீட்டிலும் அது உண்டு, சுவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து செல்வி சொன்னாள். "எனக்கு அவன் வேணாம். கல்யாணமும் வேணாம். நான் படிக்கணும்." குரல் பலமாக இல்லை. ஆனால் வார்டில் எல்லோருக்கும் கேட்டது. தாய்மாமன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள். "பதினெட்டு ஆகாத பிள்ளைக்குத் தாலி கட்டினா, கட்டினவனும் கட்டி வச்சவுகளும் உள்ள போகணும், ஆப்பிள் அங்கனயும் கிடைக்குமான்னு தெரியலை" என்றேன் நான். அவர் எழுந்து போய்விட்டார்.

அம்மா டீ வாங்கப் போன நேரத்தில் செல்வியிடம் கேட்டேன். கடிந்துகொள்ளக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டேன். "வாரா வாரம் நான் ஒங்க ஊருக்கு வாரேனே தாயி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்கன வச்சுச் சொல்ல நர்ஸம்மா?" என்றாள். "ஒங்க ஆபீஸ் வாசலு டீக்கடைக்கு எதுத்தாப்ல இருக்கு. நான் அங்கன ஏறுனா எறங்குறதுக்குள்ள எங்கம்மா காதுக்குப் போயிரும். அங்கன்வாடிக்குப் பிள்ளை பெத்தவுகதான் வருவாக. நீங்க காண்டம், மாத்திரை குடுக்கிறதும் கல்யாணம் ஆனவுகளுக்குத்தான். மெடிக்கல்ல அவன்கிட்ட ஒண்ணும் கேக்கலையாம். முட்டு வீட்டுல யாரும் கிட்ட வர மாட்டாக. அங்கன ரத்தம் போனா யாரு என்னன்னு கேப்பா?"

எங்கள் துணை சுகாதார நிலையம் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். மேலே இருக்கிறவர்கள் கூட்டம் போட்டால் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள், ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்திலேயே சேவை இருக்கிறது என்று. தூரத்தை அளந்தவர்களில் ஒருவர்கூட வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்கவில்லை. கல்யாணம் ஆகாதவளுக்கு எங்கள் திட்டத்தில் பெயரே கிடையாது. அவள் உடம்பு தாலி கட்டிய பிறகுதான் பிறக்கும் என்று நினைப்பு போல! "இளம்வயதுக் கர்ப்பமே இருக்கக் கூடாது" என்று சூலக்கரையில் மாவட்ட ஆபீஸில் மீட்டிங் வைத்து எங்களைக் காய்ச்சுவார்கள். திட்டு விழும் என்ற பயத்தில் வயதைக் கூட்டி எழுதினவர்களை எனக்குத் தெரியும். கர்ப்பம் குறையவில்லை, காகிதத்தில் வயதுதான் கூடியது.

செல்வி கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் மறக்கவில்லை. முட்டு வீட்டில் யாரும் கிட்ட வர மாட்டார்கள். அம்மா வர மாட்டாள், மாமியார் வர மாட்டாள், ஆண்கள் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அந்த ஊரில் ஒரு பெண் பேசுவதை வேறு யாரும் கேட்க முடியாத ஒரே இடம் அதுதான்.

அடுத்த வாரத்திலிருந்து ஊருக்குப் போனதும் முதலில் முட்டு வீட்டுக்குப் போனேன். பையைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு தடவை யாரும் வாயைத் திறக்கவில்லை. காளியம்மாள்தான் பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்று ஆரம்பித்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. புருஷன் அடிக்கிறதை, வெள்ளை படுவதை, ஸ்கூலுக்குப் போகிற வழியில் பின்னால் வருகிற பயலை, எல்லாவற்றையும் சொன்னார்கள். கருத்தரிப்பது எப்படி என்றே தெரியாமல் முட்டு வீட்டுக்கு மூன்று வருஷமாக வந்துபோகிற பிள்ளையை அங்கேதான் பார்த்தேன். வயதுப் பிள்ளைகளிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். "பதினெட்டுக்குள்ள ஏதாவது ஆயிட்டா நான் மறைக்க முடியாது, சொல்லியாகணும். ஆனா நீ தனியா இருக்க மாட்ட. ஆஸ்பத்திரிக்கும் நான் வருவேன், போலீஸ் வந்தாலும் பக்கத்துல இருப்பேன்." காப்பாற்ற முடியாத ரகசியத்துக்கு யாரிடமும் சத்தியம் பண்ணாதீர்கள். பண்ணிவிட்டு மீறினால் அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு பிள்ளையும் உங்களிடம் வாய் திறக்காது.

அந்தக் கட்டடத்தை நான் மெச்சுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதை இடித்துத் தரைமட்டமாக்கினால் முதல் கடப்பாரையை நான் பிடிப்பேன். இடிகிற வரைக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அதனால் நான் அங்கே போனேன்.

ஊர் சும்மா இருக்குமா? "முட்டு வீட்டுல இருந்து வந்தா தலைக்கு ஊத்திட்டுத்தான் கோயில் தெருவுல நடக்கணும்" என்றார் அதே பெரியவர். ஊற்ற மாட்டேன் என்றேன். அப்படியே நடந்தேன். சில வீடுகளில் எனக்குத் தண்ணீர் தருவதை நிறுத்தினார்கள். நான் பாட்டிலில் கொண்டுபோனேன். மேலிடத்துக்கு மனு போனது. என் அதிகாரி கூப்பிட்டு, "ஊர்க்காரங்களை அனுசரிச்சுப் போகக் கூடாதா சிஸ்டர்?" என்றார். "அனுசரிச்சுத்தான் சார் போறேன், முட்டு வீட்டுல இருக்கிறவுகளும் ஊர்க்காரங்கதான்" என்றேன்.

செல்வியின் வழக்கு தன் போக்கில் போனது. அவள் விருதுநகரில் விடுதியில் தங்கி பிளஸ் டூ எழுதினாள். இப்போது மதுரையில் லேப் டெக்னீஷியன் வேலை. அந்த ஊரில் அதற்குப் பிறகும் இரண்டு பிள்ளைகளுக்கு இப்படி ஆனது. இரண்டு பேரும் மெடிக்கல் கடைக்குப் போகாமல் முதலில் என்னிடம் வந்தார்கள், நேரத்தோடு வந்தார்கள். அதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். இரண்டுமே நடந்திருக்கக் கூடாதவைதான்.

நான் ஓய்வு பெறுகிற மாதம், கடைசியாக அந்த ஊருக்குப் போன அன்று, ஊர்க்காரர்கள் கோயில் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு எனக்கு ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருந்தார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி போட்டவள் இல்லையா? பழைய கோபமெல்லாம் மறந்துபோயிற்று என்று காட்ட ஆசை. நான் வழக்கம்போல முட்டு வீட்டில் இருந்துவிட்டு நேரே அங்கே வந்தேன். பெரியவர் பொன்னாடையைப் பிரித்துக் கையில் பிடித்தார்.

"அய்யா, நான் முட்டு வீட்டுல இருந்துதான் வாரேன். ஒருத்திக்கு நாடி பிடிச்சேன், ஒருத்திக்குக் கண்ணைத் துடைச்சுவிட்டேன். குளிக்கலை. இப்ப போத்துறீகளா?" என்றேன்.

அவர் கை நின்றது. அவர் மெதுவாகப் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தார். "போயி ரெண்டு செம்பு ஊத்திட்டு வாங்களேன் நர்ஸம்மா, ஒரு நிமிசந்தான?" என்றார் பின்னாலிருந்து ஒருவர், கெஞ்சுகிற மாதிரி. எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்தான். பையைத் தூக்கித் தோளில் போட்டேன்.

கூட்டத்திலிருந்து செல்வியின் அம்மா வந்தாள். அந்த வருஷமும் காப்புக் கட்டியிருந்தது. அவள் கையில் மஞ்சள் கயிறு இருந்தது, விரதத்தில் இருந்தாள். அந்தக் கையாலேயே என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏத்தா, என்னத்தா பண்ற?" என்று யாரோ பதறினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு கோயில் தெருவின் நட்டநடுவே பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். மரியாதைக்கு இல்லை, மேலே பட்டுவிடுமோ என்ற பயத்தில்.

பஸ் வருகிற வரைக்கும் அவள் கையை விடவில்லை. நான் பஸ்ஸில் ஏறுகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு நான் உள்ள வரலைல நர்ஸம்மா" என்றாள். "எம்புள்ள இன்னைக்கும் எங்கிட்ட அதை மட்டும் கேக்க மாட்டேங்கிறா."